அறிவிப்புக்கும் அரசாணைக்கும் நடுவே

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவனுக்கு ஒழுங்கான பதவிப்பெயர் கிடையாது. ஊர்க்காரர்கள் பி.ஏ. என்பார்கள். கட்சிக்காரர்கள் 'நம்ம ஆபீஸ் தம்பி' என்பார்கள், தலை முழுக்க நரைத்த பிறகும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து வானம் பார்த்த தொகுதி ஒன்றில் அடுத்தடுத்து மூன்று உறுப்பினர்களிடம் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குள் இரண்டு கட்சி. எந்தெந்தக் கட்சி, யார் யார் என்பதை விட்டுவிடுகிறேன். வேலை எல்லாரிடமும் ஒன்றுதான்: மனு வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுவது, துறைக்குக் கடிதம் அடிப்பது, பேரவையில் பேசக் குறிப்பு எடுத்துக் கொடுப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 'தொகுதி மடல்' என்று நாலு பக்கம் எழுதி அச்சகத்துக்குக் கொடுப்பது. அந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மடலின் முதல் பக்கத்தில் எனக்கு உரிமை இருந்ததில்லை. அது தலைவர்களின் பக்கம். யார் படம் எந்த அளவு, யார் படம் யாருக்கு மேலே என்பதற்கெல்லாம் மாவட்டத்திலிருந்து போன் வரும். உள்ளே அச்சான செய்தி சரியா தப்பா என்று கேட்டு ஒரு போன் வந்ததில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. இரண்டாம், மூன்றாம் பக்கங்களை நான் நினைத்தபடி எழுத முடிந்தது அதனால்தான்.

நிதிநிலை அறிக்கை நாளில் உறுப்பினர்கள் முன்பெல்லாம் பை நிறையப் புத்தகத்தோடு கோட்டையிலிருந்து திரும்புவார்கள். 2021 ஆகஸ்ட் 13 அன்று பழனிவேல் தியாகராஜன் கலைவாணர் அரங்கில் காகிதமில்லா நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தார். மறுநாள் வேளாண்மைக்கென்று தனி அறிக்கை வந்தது. அதிலிருந்து எல்லாம் திரைக்குப் போய்விட்டது. காடு பிழைத்தது என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே இன்னொரு பக்கத்தைப் புரட்டி ஒப்பிடும் சுகம் போயிற்று.

அறிக்கை வந்த அன்று மாலையே டீக்கடையிலிருந்து ஆள் வந்துவிடுவார்: "நம்ம ஊருக்கு என்னண்ணே போட்ருக்காங்க?" நிதியமைச்சரின் உரையில் நம் ஊர் அநேகமாக இருக்காது. அது மாநிலத்தின் கதை. ஊர்ப்பெயரைத் தேட வேண்டிய இடம் மானியக் கோரிக்கைகள். நெடுஞ்சாலைக்கு எண் 21, ஊரக வளர்ச்சிக்கு எண் 42 என்று துறைக்கொரு எண் உண்டு. துறையின் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளில் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைப்பார்கள். பத்திரிகைகள் அதிலிருந்து இரண்டு வரி எடுப்பதோடு சரி. அரசு அச்சடிப்பதில் வாக்காளன் படிக்க வேண்டிய புத்தகம் ஒன்று உண்டென்றால் அதுதான் என்பேன். எந்தத் திட்டத்துக்குப் போன ஆண்டு எத்தனை வேலை எடுத்தார்கள், எத்தனை முடிந்தது என்பது அதில் தமிழிலேயே இருக்கும்.

வரவு செலவுப் புத்தகத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் நேராக நாலு தொகை வரிசையாக நிற்கும். முடிந்த ஆண்டின் கணக்கு, நடப்பாண்டின் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. மேடையில் முழங்குவது கடைசித் தொகை. நான் முதலில் பார்ப்பது நடுவில் இருக்கும் இரண்டை. 'இவ்வளவு தருகிறோம்' என்று போன மார்ச்சில் சொன்னவர்கள் ஆண்டு நடுவில் எவ்வளவு வெட்டினார்கள், எவ்வளவு கூட்டினார்கள் என்பது அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் தெரிந்துவிடும். புதிதாக வந்த உறுப்பினர் எவருக்கும் நான் முதலில் காட்டிக் கொடுத்தது இதைத்தான்.

2025 மார்ச்சில் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த அறிக்கையில் மூலதனச் செலவு 57,231 கோடி ரூபாய். எங்கள் ஒன்றியத்துக் கட்சிக்காரர் ஒருவர் அதை செல்போனில் 234-ஆல் வகுத்துவிட்டு வந்தார். "தொகுதிக்கு இருநூத்தி நாப்பது கோடிக்கு மேல வருது. நம்ம பங்கு எங்கண்ணே?" சிரிக்கவில்லை நான். அவர் கேட்டது நியாயமான கேள்வி, வகுத்த விதம்தான் சரியில்லை. மெட்ரோ ரயிலும் பெரிய மேம்பாலங்களும் அந்தத் தொகைக்குள்தான் இருக்கின்றன. அதோடு, அதே அறிக்கையில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம், உதவித்தொகை என்று அன்றாடம் போகிற செலவுக்கே வரும்படி போதாமல் கடன் வாங்குகிறது அரசு. எந்தக் கட்சி ஆண்டாலும் ஓர் உறுப்பினர் ஒரு பாலத்துக்காக அலையும் அலைச்சலுக்குக் காரணம் அங்கே இருக்கிறது. அந்த முறை மடலில் இந்த இரண்டு தொகைகளையும் பெட்டி கட்டிப் போட்டேன்.

இனி அந்த அலைச்சல். ஒரு வேலை பேரவையில் அறிவிப்பாகப் பிறக்கிறது. விதி 110-இன் கீழ் வாசிக்கப்படும் அறிவிப்பென்றால் அதன்மேல் விவாதமும் கிடையாது. மேசையைத் தட்டிவிட்டு அடுத்த அலுவலுக்குப் போய்விடுவார்கள். அந்த அறிவிப்பு அரசாணையாக வேண்டும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு எல்லாம் அதன் பின்னே வரிசையாக வரும். அப்புறம்தான் ஜேசிபி. இடையில் எங்கே வேண்டுமானாலும் கோப்பு உட்கார்ந்துகொள்ளும். அரசாணையிலும் (நிலை) என்று போட்டு வருவது ஒன்று, (வாலாயம்) என்று போட்டு வருவது இன்னொன்று. முதலாவது கனமான விஷயம், அடுத்தது அன்றாட அலுவல். எண்ணும் தேதியும் துறையின் பெயரும் கையில் இல்லாமல் 'ஆர்டர் ஆயிருச்சு' என்று எவராவது சொன்னால் நான் நம்புவதில்லை, சொல்பவர் அமைச்சரின் உதவியாளராகவே இருந்தாலும்.

எனக்கு முன்னால் வந்த மடல்களில் ஒரு தரைப்பாலம் அடிபட்டுக்கொண்டே இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் காட்டாறு இறங்கினால் அந்தத் தரைப்பாலம் முழுகிவிடும். ஊர் இந்தப் பக்கம், உயர்நிலைப் பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் அந்தப் பக்கம். பஸ் ஆற்றங்கரையில் திரும்பிப் போய்விடும். பிரசவ வலி கண்ட பெண்ணை டிராக்டரில் ஏற்றி இறக்கிய ஊர் அது. 'உயர்மட்டப் பாலம் அமைக்க அனுமதி பெறப்பட்டது' என்று பழைய மடல் ஒன்றில் கொட்டை எழுத்தில் இருந்தது. அனுமதியைத் தேடிப் போனேன். நெடுஞ்சாலைத் துறைக் கோட்ட அலுவலகத்தில் அப்படி ஒரு கோப்பே இல்லை. கோப்பு இருக்க வழியும் இல்லை, ஏனென்றால் அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது அல்ல, ஊராட்சி ஒன்றியத்துடையது. ஒன்றியத்தில் கேட்டால், "இவ்வளவு பெரிய பாலத்துக்கு எங்ககிட்ட ஏது சார் பணம்? ஹைவேஸ்தான் கட்டணும்" என்றார்கள். இரண்டு அலுவலகமும் சொன்னது உண்மை. அந்த உண்மைக்கு நடுவில் ஊர் முழுகிக்கொண்டிருந்தது.

வெளியாட்களுக்கு இது புரிவதில்லை. சாலை என்றால் சாலைதானே என்று நினைக்கிறார்கள். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை ஆகிய மூன்றும் நெடுஞ்சாலைத் துறைக்கு. ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சிக்கு. ஒன்றியச் சாலையை மாவட்ட இதர சாலையாகத் தரம் உயர்த்தினால்தான் அதன் மேல் நெடுஞ்சாலைத் துறை பாலம் கட்டும். ஆக எங்களுக்குத் தேவை இரண்டு கோப்பு. முதல் கோப்பு பாலத்தைப் பற்றியதே அல்ல. ஒன்றியக்குழுவின் தீர்மானம், சாலையை ஒப்படைக்கத் தடையில்லை என்ற கடிதம், தரம் உயர்த்தும் ஆணை, அப்புறம் மண் பரிசோதனை, மதிப்பீடு, நபார்டு கடனுதவி.

அப்போது இருந்த உறுப்பினர் பொறுமைசாலி. ஒவ்வொரு மடலிலும் பாலத்துக்கென்று ஒரு வரி ஒதுக்கினேன்: கோப்பு இப்போது இந்த அலுவலகத்தில், இன்ன கடிதத்துக்காகக் காத்திருக்கிறது, அனுப்ப வேண்டியவர் இன்ன அதிகாரி. கட்சிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. "அண்ணே, பாலம் வந்துருச்சுன்னு போட்ருங்க. வரும்போது வரட்டும். இப்படிப் போட்டா நம்மாளு ஒண்ணுமே செய்யலன்னு ஆயிராதா?" என்றார் ஒன்றியச் செயலாளர். நடந்தது வேறு. அந்த ஊர்ப் பெண்கள் மடலை மடித்து எடுத்துக்கொண்டு நேரே அந்த அலுவலகத்துக்கே போய், "எங்க பாலத்துக் காயிதம் ஒங்க மேசையிலதான் கெடக்காமுல்ல?" என்று கேட்டிருக்கிறார்கள். கடிதம் அந்த வாரமே கிளம்பியது. உறுப்பினர் போனில் சொல்லி நகராத கோப்பு அது.

பாலம் முடிந்தபோது உறுப்பினர் மாறிவிட்டார், கட்சியும் மாறிவிட்டது. கல்வெட்டில் புதியவர் பெயர். 'இக்கோரிக்கையைத் தொடர்ந்து வலியுறுத்தியவர் முந்தைய உறுப்பினர்' என்று நான் மடலில் சேர்த்த வரியைப் புதியவர் சிவப்பு மையில் அடித்தார். அரசியலில் அது எதிர்பார்த்ததுதான். பாலத்தில் பஸ் போகிறது.

பேரவைப் பேச்சைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மானியக் கோரிக்கையில் ஓர் உறுப்பினருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் பாதி, வாய்ப்பளித்த பேரவைத் தலைவருக்கும் கட்சித் தலைமைக்கும் வாக்களித்த மக்களுக்கும் நன்றி சொல்வதில் போய்விடும். நான் எழுதிக் கொடுக்கும் குறிப்பில் தொகுதிக் கோரிக்கைகளை முதலிலும் புகழுரையைக் கடைசியிலும் வைப்பேன். மணியடித்தால் அறுபடுவது புகழாக இருக்கட்டும் என்று. முதல் உறுப்பினர் தாள்களை மேலும் கீழுமாக மாற்றி அடுக்கிப் படித்துவிட்டு வந்தார். மணியும் அடித்தது.

கேள்வி நேரம் அதைவிட உருப்படியானது. 2022 ஜனவரியிலிருந்து அதை நேரலையாகக் காட்டுகிறார்கள். தன் உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி கேட்பதை ஊர் பார்க்கிறது, நல்ல காரியம். ஆனால் அமைச்சரின் பதிலை எப்படிக் கேட்பது என்பது ஒரு பயிற்சி. 'சாத்தியக்கூறு இருப்பின் நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்றால் கோப்பும் இல்லை, காசும் இல்லை. 'கருத்துரு பெறப்பட்டு ஆய்வில் உள்ளது' என்றால் கோப்பு இருக்கிறது, துரத்தலாம். 'இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்' என்று அமைச்சர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது வேறு ரகம். அவையில் தரப்பட்ட வாக்குறுதிகள் என்ன ஆயின என்று பார்ப்பதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அவைக்குறிப்பிலிருந்து அந்த வரியை எடுத்து வைத்துக்கொண்டால், துறை அதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். மடலில் அமைச்சரின் பதிலை வார்த்தை மாறாமல் போடுவேன். 'அமைச்சர் உறுதி' என்று தலைப்பு வைக்கச் சொல்லி வந்த அழுத்தத்துக்கு மட்டும் நான் ஒருநாளும் மசியவில்லை.

டீக்கடையின் அடுத்த கேள்வி, "மூணு கோடி என்னாச்சு?" தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு மூன்று கோடி. அது உறுப்பினரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது என்று நம்புகிறவர்கள் படித்தவர்களிலும் ஏராளம். அதில் ஒரு ரூபாயும் அவர் கைக்கு வராது. அவர் வேலையைப் பரிந்துரைக்கிறார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருகிறார், ஒன்றியமோ பேரூராட்சியோ நகராட்சியோ செய்கிறது. மாநிலத்தில் சராசரியாக ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் வாக்காளர். தலைக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய். அதற்குள் அங்கன்வாடிக் கட்டடம், ரேஷன் கடை, மயானப் பாதை, மேல்நிலைத் தொட்டி, நாடக மேடை. நாடக மேடையும் பயணியர் நிழற்குடையும் வேண்டாம் என்று மூன்று பேரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவற்றில்தான் பெயர் பெரிதாக எழுத இடம் இருக்கிறது என்பதால் எடுபடவில்லை. பஸ்ஸே வராத ஊரில் நிழற்குடை உண்டு எங்கள் தொகுதியில்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார், 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக. நீண்ட நாளாக நிறைவேறாத முக்கியமான பத்துக் கோரிக்கைகளைப் பதினைந்து நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள் என்று. கட்சி பேதமில்லாமல் எல்லாருக்கும் போன கடிதம். எங்கள் பதிவேட்டில் குவிந்து கிடந்த கோரிக்கைகளிலிருந்து பத்தைப் பொறுக்குவதற்கு அலுவலகத்தில் உட்கார்ந்தோம். ஒன்றியச் செயலாளர்கள், பேரூராட்சிக்காரர்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சீர் பேசுகிற மாதிரி இருந்தது. ஒருவருக்குக் கல்லூரி வேண்டும், ஒருவருக்குப் புறவழிச்சாலை. எல்லாக் கண்மாய்க்கும் காவிரி உபரி நீர் என்றார் ஒருவர். அது மாநிலத் திட்டம், தொகுதிப் பட்டியலில் எழுதினால் ஓர் இடம் வீண் என்றார் தலைமையாசிரியர். அவர் ஒரு வழி சொன்னார். மூன்று கோடியில் முடிகிற எதுவும் பட்டியலில் வரக்கூடாது. நிலம் கையில் இல்லாத எதுவும் வரக்கூடாது. இந்த இரண்டு சல்லடையில் சலித்ததில் பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியதில் அரசு மருத்துவமனைக்குக் கூடுதல் கட்டடம் முதலிடத்துக்கு வந்தது. சத்தம் போட்டுக் கேட்டவர்கள் எவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அந்தப் பத்தையும் அப்படியே மடலில் அச்சிட்டோம், எது ஏன் விடுபட்டது என்ற காரணத்தோடு. விடுபட்ட ஊர்களிலிருந்து வசவு வந்தது. வந்தவர்களிடம் காரணத்தைப் பேச முடிந்தது.

கொள்கை மாற்றங்களை விளக்குவது வேறு விதமான வேலை. 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். கிடைத்தவர்கள் எங்களிடம் வரமாட்டார்கள், கிடைக்காதவர்கள்தான் வருவார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று விதிகள் இருந்தன. விதியைப் படித்திருந்தால் வந்தவர்களில் பலர் வந்திருக்கவே மாட்டார்கள் என்று அதிகாரி ஒருவர் சலித்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் கதவு திறக்கும்போதே படியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், போனை நீட்டினார். நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பதால் விண்ணப்பம் நிராகரிப்பு. "எங்கிட்ட ஏதுங்கய்யா காரு? ஆட்டுக்குட்டி நாலு இருக்கு." விசாரித்ததில், வீட்டுக்காரர் பல வருஷம் முன்னால் விற்ற பழைய டிராக்டர் இன்னும் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கியவர் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு நடை, கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் இருந்தது. மடலில் அந்த முறை திட்டத்தைப் பாராட்டி எழுதவில்லை. 'விற்ற வண்டியின் ஆர்.சி.யைப் பாருங்கள்' என்று தலைப்பிட்டேன். நான் எழுதியதிலேயே அதிகம் கைமாறிய பக்கம் அதுதான் என்று அச்சகக்காரர் சொன்னார்.

கசப்பான செய்தியையும் எழுத வேண்டி வரும். 2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களில் சொத்து வரி ஏறியது. 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் நூறு என்பது எங்கள் நகராட்சிக்கான கணக்கு. 15-ஆவது நிதிக்குழுவின் மானியம் வேண்டுமானால் வரியைச் சீராக்க வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். ஆளுங்கட்சி உறுப்பினரிடம் வேலை பார்ப்பவனுக்கு இதை மறைக்கத் தோன்றும், எதிர்க்கட்சி உறுப்பினரிடம் வேலை பார்ப்பவனுக்கு ஊதத் தோன்றும். நான் அட்டவணையைப் போட்டேன், காரணத்தைப் போட்டேன், அளவு தப்பாகப் பதிவாகியிருந்தால் யாரிடம் மனு கொடுப்பது என்று போட்டேன். மூன்றாவதைத்தான் மக்கள் படித்தார்கள்.

உங்கள் தொகுதியிலும் இப்படி ஒரு மடலோ, ஆண்டு நிறைவு விழா மலரோ, வாட்ஸ்அப்பில் ஒரு படமோ வரும். அதில் கோடிகள் இருக்கும். உங்கள் ஊர் வேலை ஏதாவது அதில் இருந்தால் அரசாணை எண்ணையும் தேதியையும் கேளுங்கள். இல்லையென்றால் கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில், யாருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள். உண்மையாகவே அலைகிற உறுப்பினர் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்; அவருக்கு அது உதவி. அலுவலகத்தில் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.